ஃபுட் – ஃபீட், லை – லே: "அது அப்படித்தான்" என்பதைத் தவிர வேறு பதில் உண்டா?

தஞ்சை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் வரை தமிழ்வழி, இந்த வருடம்தான் ஆங்கிலவழி. நேற்று இரவு ஒருமை பன்மைப் பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டாள். "பாதம் ஒன்று என்றால் ஃபுட், இரண்டு என்றால் ஃபீட். அப்போ காலில் போடுகிற பூட் ஏன் பீட் ஆகவில்லை? வாத்து மாதிரி இருக்கிற கூஸ், கீஸ் ஆகிறது. மூஸ் என்ற பெரிய மான் ஏன் மீஸ் ஆகவில்லை? மங்கூஸ் என்றால் கீரி என்கிறார்கள், அது மங்கீஸ் ஆகுமா?"

"அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் எனக்கே மனசு கேட்கவில்லை. எனக்கும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். அதனால்தான் இன்றைக்கும் லை எங்கே, லே எங்கே என்று தெரியாமல் அந்த வினைச்சொல் வரும் இடத்தையே சுற்றிப்போய் வேறு மாதிரி எழுதுகிறேன். அவளுக்கும் அப்படி ஆகக்கூடாது. தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் பெரிய உதவி.

கரும்பலகை

அம்மா, இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலப் பாடம் எடுக்கிறேன். முதலில் பயத்தை விடுங்கள். ஃபுட் – ஃபீட் போல நடுவில் இருக்கும் உயிரெழுத்து மாறுகிற சொற்கள் இன்றைய ஆங்கிலத்தில் ஏழுதான்: மேன் – மென், உமன் – விமென், ஃபுட் – ஃபீட், டூத் – டீத், கூஸ் – கீஸ், மௌஸ் – மைஸ், லௌஸ் – லைஸ். கடைசியில் சொன்னது பேன். ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினால் மூன்று நாளில் முடிந்துவிடும்.

என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போவது இந்த ஏழில் இல்லை. ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், எக்விப்மென்ட் என்ற சொற்களின் பின்னால் ஒரு எஸ் சேர்ப்பதில்தான் போகிறது. பிள்ளைகள் மட்டுமில்லை, நிறுவனங்களின் டெண்டர் அறிவிப்பிலேயே "ஃபர்னிச்சர்ஸ்" என்று பார்த்திருக்கிறேன். வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன்: அரிசியை அரிசிகள் என்போமா? தண்ணீரைத் தண்ணீர்கள் என்போமா? ஒரு படி அரிசி, இரண்டு குடம் தண்ணீர் என்றுதான் சொல்வோம். ஆங்கிலக்காரர் ஃபர்னிச்சரை அரிசி மாதிரி மொத்தமாகப் பார்க்கிறார். எண்ணிச் சொல்ல வேண்டுமானால் 'பீஸ்' என்று ஒரு படி போட்டு அளக்க வேண்டும்: டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர், எ பீஸ் ஆஃப் அட்வைஸ். இதைக் கேட்ட பிள்ளைகள் திரும்பத் தப்பு செய்வது குறைவு.

இன்னொன்று, "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்". இங்கே தமிழில் யோசித்தாலே தப்பு வராது. என் நண்பனில் ஒருவன் என்றா சொல்கிறோம்? நண்பர்களில் ஒருவன் என்கிறோம். அதே பன்மையை ஆங்கிலத்திலும் வைத்தால் சரி.

சொல்வேர்

கரும்பலகை ஐயா சொன்ன ஏழு சரி. ஆனால் ஏன் ஏழு, ஏன் அதில் பூட் இல்லை என்று குழந்தை கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அது சட்டென்று புரியவும் புரியும்.

வீட்டில் இலை என்று எழுதுகிறோம், எலை என்று பேசுகிறோம். இடம் எடம் ஆகிறது, குடம் கொடம் ஆகிறது, விரல் வெரல் ஆகிறது. ஆனால் குடி கொடி ஆவதில்லை, புலி பொலி ஆவதில்லை. ஏன்? அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், அது முன்னால் இருக்கும் இகர உகரத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. அடுத்து இகரம் வந்தால் இழுப்பதில்லை. பின்னால் வரும் உயிர் முன்னால் இருக்கும் உயிரை மாற்றுவது நம் நாக்குக்குப் பழகிய வேலை.

ஆங்கிலத்தின் முன்னோர் மொழியிலும் இதே வேலைதான் நடந்தது. அங்கே இழுத்தது இகரம். பாதத்துக்கு ஃபோட் என்று சொல். பன்மைக்கு அதன் பின்னால் இகரம் கொண்ட ஒரு விகுதி, ஃபோட்டிஸ் என்பது போல. அந்த இகரம் முன்னால் இருந்த ஓகாரத்தை இழுத்து இழுத்து ஏகாரம் ஆக்கியது. அப்புறம் விகுதி தேய்ந்து விழுந்துவிட்டது. மிச்சம் நின்றது ஃபோட், ஃபேட். பல நூற்றாண்டு கழித்து உச்சரிப்பு மாறி ஃபுட், ஃபீட் ஆனது. இகரம் போய்விட்டது, அது பதித்த தடம் மட்டும் நிற்கிறது. இதற்கு உம்லவுட் என்று பெயர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் மொழியியலில் நிலைபெறச் செய்த சொல் அது.

ஆங்கிலம் எழுத்தில் வருவதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிட்டது. பூட் அதற்கு வெகுகாலம் கழித்து பிரெஞ்சிலிருந்து வந்த சொல். திருவிழா முடிந்தபின் ஊருக்கு வந்தவன் தேரை எப்படி இழுப்பான்? மூஸ் வட அமெரிக்கப் பழங்குடியினர் மொழிச் சொல், ஆங்கிலத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில். அதற்குப் பன்மையும் மூஸ்தான். மங்கூஸ் நம் பக்கத்துச் சொல், மராத்தியில் முங்கூஸ், தெலுங்கிலும் உறவுச் சொல் உண்டு. கூஸ் என்ற வாத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆகவே மங்கூசஸ். குழந்தை கேட்ட மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான்: அந்தச் சொல் எப்போது, எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் ஏழைவிட அதிகம் இருந்தன. புத்தகம் என்ற புக்கின் பழைய வடிவம் போக், அதன் பன்மை பேச். பசுவுக்கும் அப்படி ஒரு பன்மை இருந்தது. மெல்ல மெல்ல எஸ் வந்து அவற்றை விழுங்கிவிட்டது. தினமும் வாயில் புழங்கிய கால், பல், ஆண், பெண், எலி, பேன், வாத்து மட்டும் தப்பித்துக்கொண்டன.

மதுரை மல்லி

சொல்வேர் அண்ணா, அப்படியே கத்தியையும் சொல்லிவிடுங்கள். நைஃப் ஏன் நைவ்ஸ்? உல்ஃப் ஏன் உல்வ்ஸ்? ஆனால் சீஃப் மட்டும் சீஃப்ஸ் என்றே நிற்கிறது. என் தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான், இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் தடுக்குகிறான்.

சொல்வேர்

இது இன்னும் சுலபம் தங்கச்சி. கல் என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் பகல் என்று சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே ககரம். முதலில் அழுத்தமாக வருகிறது, இரண்டு உயிருக்கு நடுவில் குழைந்து வருகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. யாரும் சொல்லித்தராமலே நம் வாய் அதைச் செய்கிறது.

பழைய ஆங்கிலத்தில் எஃப் அப்படித்தான் இருந்தது. சொல்லின் கடைசியில் ஃப், பின்னால் உயிர் வந்தால் குழைந்து வ். பன்மை விகுதி அன்றைக்கு 'அஸ்', அதாவது உயிரோடு தொடங்கும் விகுதி. அதனால் ஓநாய்க்கு வுல்ஃப், பல ஓநாய்க்கு வுல்வஸ். எழுதியது இரண்டிலும் எஃப்தான். பின்னாளில்தான் வி என்று தனி எழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார்கள். லைஃப் என்ற பெயர்ச்சொல்லும் லிவ் என்ற வினைச்சொல்லும் இப்படிப் பிரிந்தவைதான். சீஃப் பிரெஞ்சிலிருந்து எஃப்போடு வந்தது, அதனால் மாறவில்லை. ரூஃப் மட்டும் பழைய சொல்லாக இருந்தும் எஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. ஹூஃப் என்ற குளம்புக்கு ஹூஃப்ஸ், ஹூவ்ஸ் இரண்டும் செல்லும்.

வார்டு விளக்கு

நான் செவிலியர். லை – லே பற்றி அம்மா எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது. வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த முதல் மாதம். பணி மாற்றிக்கொள்ளும் நேரத்தில் எழுதிவைக்கும் குறிப்பில், நோயாளி இடப்பக்கமாகப் படுத்திருந்தார் என்பதற்கு "பேஷன்ட் வாஸ் லேயிங் ஆன் ஹிஸ் லெஃப்ட் சைடு" என்று எழுதினேன். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் அதை வாசித்து, "எதை இட்டுக்கொண்டிருந்தார், முட்டையா?" என்று கேட்டார். அன்றைக்கு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

லையிங் என்று எழுதத் தெரியாமல் இல்லை. லையிங் என்றால் பொய் சொல்வது என்றும் அர்த்தம் வருகிறதே, நோயாளி பொய் சொல்கிறார் என்று எழுதியதாக ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் லேயிங் என்று போட்டேன். இப்படிப் பயந்தவர்கள் என்னோடு இன்னும் பலர் இருந்தார்கள். பயிற்சி வகுப்பில் இதை யாராவது ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும்.

சொல்வேர்

உங்களை அப்படி நடத்தியிருக்கக் கூடாது, அக்கா. இதற்குத் தமிழ்ப் புத்தகத்திலேயே மருந்து இருக்கிறது. தன்வினை, பிறவினை.

லை என்றால் கிட. லே என்றால் கிடத்து. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் மரத்தை வீழ்த்து. நோயாளி தானே கிடக்கிறார் என்றால் லையிங். அவரைப் பிடித்து இடப்பக்கமாகக் கிடத்தினால் லே. 'எதை, யாரை' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் லே, வராவிட்டால் லை. படிக்கும் பிள்ளைக்கு ரிமெம்பர் – ரிமைண்ட், லெர்ன் – டீச் இரண்டையும் இதே பெட்டியில் போட்டுக் காட்டலாம்: நினைவுகொள் – நினைவூட்டு, கற்றுக்கொள் – கற்றுக்கொடு. அந்த ஜோடிகள் ஒரே வேரிலிருந்து வந்தவை இல்லை, பொருளால் மட்டும் ஜோடி. ஆனாலும் "ப்ளீஸ் ரிமெம்பர் மீ டுமாரோ" என்று எழுதுவது அதோடு நின்றுவிடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தின் முன்னோரான பழைய ஜெர்மானிய மொழியில் தன்வினையைப் பிறவினையாக்க ஒரு விகுதி சேர்த்தார்கள். அந்த விகுதியின் தொடக்கம் யகரம். இகரம் செய்யும் வேலையை யகரமும் செய்யும். அதாவது ஃபுட்டை ஃபீட் ஆக்கிய அதே இழுப்பு, ஃபாலை ஃபெல் ஆக்கியது. உணவு என்ற ஃபூட், ஊட்டு என்ற ஃபீட் ஆனதும் அப்படித்தான். இரத்தம் பிளட், இரத்தம் வடிவது பிளீட். நிறைவு ஃபுல், நிரப்பு ஃபில். பன்மைக் கேள்வியும் வினைச்சொல் கேள்வியும் அம்மாவுக்கு இரண்டு தலைவலியாகத் தெரிகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

நம் பக்கம் பாருங்கள்: உண் – ஊட்டு, காண் – காட்டு, புகு – புகட்டு. மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவதைக் கால்நடை மருத்துவர்கள் ட்ரென்ச் என்பார்கள். அது ட்ரிங்க் என்பதன் பிறவினை: குடிக்கவை.

கரும்பலகை

சொல்வேர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒரு மறுப்பு சொல்லியாக வேண்டும். பிள்ளை தடுக்குவது கிட, கிடத்து வித்தியாசத்தில் மட்டும் இல்லை. லையின் இறந்தகாலம் லே என்று வருகிறதே, அங்கேதான் உண்மையான குழி. "யெஸ்டர்டே ஐ லே ஆன் த பெட்." இங்கே எதை என்று கேட்டால் பதில் இல்லை, ஆனாலும் லே. உங்கள் பிறவினைச் சூத்திரத்தை மட்டும் நம்பிய பிள்ளை இதைத் தப்பு என்று அடித்துவிடும்.

அதனால் வடிவங்களை வாயால் சொல்லிப் பழகத்தான் வேண்டும். கிடப்பது: லை, லே, லெய்ன், லையிங். கிடத்துவது: லே, லெய்ட், லெய்ட், லேயிங். பொய் சொல்வது: லை, லைடு, லைடு, லையிங். காலையில் மூன்று முறை, இரவில் மூன்று முறை. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் 45 நிமிடத்தில் உம்லவுட் வரலாறு சொல்ல எனக்கு நேரம் கிடையாது. வாய்ப்பாட்டுக்கு மாற்று இல்லை.

சொல்வேர்

ஐயா சொல்லும் குழி உண்மைதான். வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழி ஏன் அங்கே விழுந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பிறவினையைக் கட்டும்போது இறந்தகாலத்தில் வரும் அதே உயிரொலியைத்தான் அடியாக எடுத்தார்கள். சிட், இறந்தகாலம் சாட், அந்த சாட்டின் உயிரோடு யகர விகுதி சேர்ந்து செட். ட்ரிங்க், ட்ராங்க், அதிலிருந்து ட்ரென்ச். லையின் இறந்தகாலமும் லே என்ற பிறவினையும் ஒன்றுபோல் ஒலிப்பது அதனால்தான். இரண்டும் ஒரே அடியில் முளைத்தவை.

ஒரு திருத்தம் நானே சொல்லிவிடுகிறேன். ரெய்ஸ் என்பது நேராக ஆங்கிலத்தில் விளைந்தது இல்லை, வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதே குடும்பம், அதே பிறவினை வழி.

கோர்ட் வாசல்

ஹேங் பற்றி யாரும் சொல்லவில்லையே. சுவரில் படம் மாட்டினால் இறந்தகாலம் ஹங். தூக்குத் தண்டனை என்றால் ஹேங்டு. 2024 வரை நடப்பில் இருந்த 1973ஆம் வருட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு ஐந்தாம் உட்பிரிவில் மரண தண்டனைத் தீர்ப்பு எப்படி எழுதப்பட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் ஹேங்டு என்ற சொல்தான் இருந்தது. அதோடு ஃபைண்ட், ஃபவுண்ட் கவனம். பள்ளி நிறுவப்பட்டது என்று எழுத வேண்டுமானால் ஃபவுண்டட். வெறும் ஃபவுண்ட் என்றால் பள்ளியை யாரோ கண்டெடுத்தார்கள் என்று ஆகிவிடும்.

புதுவரவு

வணக்கம். கல்லூரி முதலாண்டு. "டிட் யூ வென்ட்" தப்பு என்கிறார்கள். நேற்று நடந்ததுதானே, வென்ட் என்று இறந்தகாலம் போட்டால் என்ன?

கரும்பலகை

தம்பி, "நான் நேற்றுப் போனவில்லை" என்று சொல்வாயா? போகவில்லை என்கிறாய். நேற்று நடந்ததாக இருந்தாலும் இல்லை என்ற சொல் வந்ததும் போன என்பது போக ஆகிவிடுகிறது. அதே மாதிரி டிட் வந்துவிட்டால் காலத்தை அது சுமந்துகொள்ளும், அடுத்த வினை பச்சையாக நிற்கும். டிட் யூ கோ, டிட் நாட் கோ. போகவில்லை என்று மனசில் சொல்லிவிட்டு எழுது, தப்பு வராது.

ஏட்டுச்சுவடி

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷீப் பற்றி ஒரு வார்த்தை. ஒன் ஷீப், டென் ஷீப் என்று சொல் மாறாமல் நிற்பது நமக்கு வியப்பாக இருக்கக் கூடாது. மாடு வந்தது, மாடு வந்தன. இரண்டும் சரியான தமிழ். வினையை வைத்துத்தான் ஒருமையா பன்மையா என்று தெரியும். இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் சொல்கிறது. நாலு முட்டை, பத்து வாழை என்று எண் வந்தால் கள் சேர்க்காமல் விடுவது நம் இயல்பு. பிள்ளைகள் "ஃபைவ் புக்" என்று எழுதுவது அறியாமையால் இல்லை, தாய்மொழிப் பழக்கத்தால். திட்டாமல் அதைச் சொல்லித் திருத்துங்கள்.

சில்ட்ரன் என்ற சொல்லும் அப்படி. சைல்டின் பழைய பன்மை சில்ட்ரு, பிறகு சில்ட்ரே. அதுவே பன்மைதான். காலப்போக்கில் அது பன்மை என்று காதுக்குப் படாமல் போனதால், எருதுகளைக் குறிக்கும் ஆக்ஸன் என்பதில் இருக்கும் அதே என் விகுதியை மேலே ஒட்டினார்கள். பன்மைமேல் பன்மை. நாம் செய்யாததா? அவர் என்பதே பலர்பால். அது மரியாதைக்கு ஒருவரைக் குறிக்க ஆரம்பித்ததும் கள் சேர்த்து அவர்கள் என்றோம்.

முட்டைக்கும் இதே கதை நடந்தது. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் கேக்ஸ்டன், 1490இல் அச்சிட்ட ஒரு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். தேம்ஸ் ஆற்றில் கப்பலேறிய வணிகர்கள் காற்று இல்லாமல் கரையொதுங்கி, ஒரு வீட்டில் சாப்பிட முட்டை கேட்கிறார்கள். கேட்டவர் வடக்கத்தி வழக்கில் எக்ஸ் என்கிறார். அந்த வீட்டம்மா தனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறாள். தனக்கும்தான் தெரியாது என்று அவருக்குக் கோபம். இன்னொருவர் ஐரன் என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிகிறது. ஐரன் என்பது சில்ட்ரன் போலவே பன்மைமேல் ஏறிய பன்மை. ஒரே நாட்டுக்குள் அன்றைக்கு ஒருவருக்கொருவர் முட்டை கேட்க முடியவில்லை. பிறகு வடக்கத்திச் சொல் ஜெயித்தது, ஐரன் போய்விட்டது.

தஞ்சை அம்மா

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து குடம் – கொடம், கல் – பகல் இரண்டையும் சொல்லச் சொன்னேன். அவளே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் இன்னும் இருபது சொல் கொண்டுவந்தாள். கரும்பலகை ஐயாவின் லை – லே வாய்ப்பாடும் சுவரில் ஏறிவிட்டது. வார்டு விளக்கு சகோதரி, உங்கள் அனுபவத்தையும் அவளிடம் சொன்னேன். அந்த மேற்பார்வையாளர்மேல் அவளுக்கு ஒரே கோபம்.

இப்போது புதுசாக ஒன்று கேட்கிறாள். மௌஸ், மைஸ் ஆகிறது. ஹவுஸ் என்ற வீடு ஏன் ஹைஸ் ஆகவில்லை? அதுவும் வெளியிலிருந்து வந்த சொல்லா?

சொல்வேர்

இல்லை, அம்மா. ஹவுஸ் அசல் பழைய சொல்தான். மௌஸ் அன்றைக்கு மூஸ், அதன் பன்மையில் இகர விகுதி இருந்தது, இழுத்தது, மாறியது. ஹவுஸ் அன்றைக்கு ஹூஸ். ஆனால் அது ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன ஷீப்பின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரு வீட்டுக்கும் ஹூஸ், பத்து வீட்டுக்கும் ஹூஸ். இழுக்க இகரமே அங்கே இல்லை. பிற்காலத்தில் எஸ் வந்து ஒட்டிக்கொண்டு ஹவுசஸ் ஆனது. அதைச் சொல்லும்போது நடுவில் இருக்கும் எஸ் குழைந்து இசட் போல ஒலிக்கும், அவளைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நைவ்ஸில் கேட்ட அதே குழைவுதான்.